அக்கா பாஸ் போட்ட ஷெட்

என் அக்கா இருபத்தொன்பது வருஷம் ஒரு பீரோ கம்பெனியில் வேலை பார்த்தாள். பீரோ செய்கிற வேலை இல்லை. செய்து முடித்த பீரோவில் குற்றம் கண்டுபிடிக்கிற வேலை. பெயின்ட் அடித்து, பூட்டு மாட்டி, லாரியில் ஏற்றத் தயாராக வரிசையில் நிற்பவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து மூடுவாள், தட்டுவாள், குனிந்து அடியில் பார்ப்பாள். ஒரு பாக்கெட்டில் சிவப்புச் சாக்பீஸ், இன்னொன்றில் வெள்ளைச் சாக்பீஸ். குறை தெரிந்தால் அந்த இடத்திலேயே சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. இல்லையென்றால் முதுகுப் பக்கம் வெள்ளையில் ஒரு டிக். சிவப்பு மாசம் இரண்டு பெட்டி தீரும், வெள்ளை வருஷத்துக்கு ஒரு பெட்டி போதும் என்று அங்கே கிண்டல் செய்வார்களாம்.

எல்லாக் குறைகளிலும் கதவுச் சத்தம்தான் அவளுக்குப் பரம எதிரி. கீச்சென்று கத்துகிற ஒரு பீரோகூட என்னைத் தாண்டி லாரி ஏறியதில்லை என்று இன்றைக்கும் சொல்வாள். ரிட்டயர் ஆன பிறகும் புத்தி மாறவில்லை. தையற்கடையிலிருந்து வந்த சட்டையை உள்ளே வெளியே புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் மடிப்பாள். கண் டாக்டரின் அறையில் உட்காருவதற்கு முன்னால் நாற்காலியை ஆட்டிப் பார்த்து, ஒரு கால் குட்டை என்று அவரிடமே சொன்னாள். இப்படிப்பட்டவள் அத்தானை எப்படிப் பாஸ் செய்தாள் என்பது எங்கள் குடும்பத்தில் யாருக்கும் விளங்காத விஷயம்.

என்னைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நான் தையல் மெஷின் ரிப்பேர் செய்பவன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். என் பையில் திருப்புளி இருக்கிறதோ இல்லையோ, எண்ணெய்க் குப்பி இருக்கும். எங்காவது கீச்சென்று கேட்டால் என் கை தானாகப் பைக்குள் போய்விடும். முப்பது வருஷப் பழக்கம், விட முடியாது.

அத்தான் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவர். மீட்டர்ப் பெட்டிக்குள் இருக்கும் கடுகளவு எண்ணைத் தூரத்திலிருந்தே படிப்பார். அந்தக் கண்ணுக்குள்தான் அழுத்தம் ஏறி, ஓரப்பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. நேரே இருப்பது தெரியும். இடமும் வலமும் இருப்பது தெரியாது. ஒரு குழாயைக் கண்ணில் வைத்துக்கொண்டு பார்ப்பதுபோல என்று டாக்டர் விளக்கினார். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று சொட்டு மருந்து கொடுத்தார்.

அத்தான் அதற்கெல்லாம் அசரவில்லை. அவருக்கு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தோட்டம் போதும். தக்காளி, பீன்ஸ், மிளகாய், வேலி ஓரமாக ஒரு வரிசைப் பூச்செடி. காலையில் இறங்கினால் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை அங்கேதான். மண்ணைத் தொட்டே ஈரம் சொல்வார். இலையைத் தடவியே பூச்சி கண்டுபிடிப்பார். பார்வை குறைந்த பிறகு செடிகள் இன்னும் நன்றாக வந்தன என்றுதான் சொல்ல வேண்டும்.

தகராறு சாமான்களால் வந்தது. அவருடைய மண்வெட்டி, வாளி, கத்தரிக்கோல், உர பாட்டில் எல்லாம் மாடிப்படிக்குக் கீழே துடைப்பத்தோடும் சோப்புத் தூளோடும் கிடக்கும். ஒருநாள் அக்கா அங்கே பெருக்கிச் சுத்தம் செய்தபோது பாட்டில்கள் இடம் மாறிவிட்டன. அத்தான் வழக்கமான மூலையில் கையை விட்டு, உரம் என்று நினைத்துக் களைக்கொல்லியை எடுத்துக் கலக்கி, பீன்ஸ் பாத்தி முழுக்க ஊற்றிவிட்டார். நாலே நாளில் பாத்தி கருகிப்போனது.

வெளியூரில் இருக்கும் மகளுக்கு விஷயம் போனது. அவள் ஃபோனில் அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை, அம்மாவிடம் சொன்னாள். இன்றைக்குச் செடியில் ஊற்றினார், நாளைக்கு வாயில் ஊற்றிக்கொண்டால் என்ன செய்வாய் என்று கேட்டாள். தோட்டம் போதும், மாசக் கடைசியில் லீவு போட்டு வருகிறேன், வந்து பார்த்துச் சரியில்லை என்றால் இரண்டு பேரையும் என் வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்றாள். அவள் வீடு ஆறாவது மாடியில். பால்கனியில் ஒரு துணி உலர்த்தும் கம்பி வைக்கத்தான் இடம் உண்டு.

இதைக் கேட்டதிலிருந்து அத்தான் தோட்டத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஒன்பது நாள் ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ரேடியோ ஓடவில்லை. பத்தாவது நாள் காலையில் அக்கா என் கடைக்கு வந்து, வேனை எடு, ஷெட் வாங்கப் போகிறோம் என்றாள்.

அவள் கணக்கு எளிமையானது. தோட்டத்திலேயே சின்னதாக ஒரு ஷெட். உள்ளே ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு கொக்கி, ஒரு தட்டு. வீட்டில் வேறு யாரும் அதில் கை வைக்கக் கூடாது. கண்ணை நம்பாமல் கையை நம்பி அவர் தனியாகப் புழங்க முடிந்தால் மகள் வாயை மூடிவிடலாம். இல்லையென்றால் ஆறாவது மாடி.

முதல் கடையில் பிளாஸ்டிக் ஷெட். அக்கா கட்டைவிரலால் சுவரை அழுத்தினாள். உள்ளே போய் வெளியே வந்தது. வாசலில் அரை அடி உயரத்துக்கு ஒரு வரம்பு. அப்புறம் அவள் செய்த காரியம்தான் என்னைத் தலையில் அடித்துக்கொள்ள வைத்தது. கடை நடுவில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, ஷெட்டுக்குள் நடந்தாள். வரம்பில் கால் இடறி, தட்டில் முழங்கை இடித்து, கதவைத் தேடித் தடவினாள். மயக்கம் வருகிறதோ என்று பயந்து விற்பனைக்காரர் தண்ணீர் கொண்டு வந்தார். அவள் கண்ணைத் திறந்து, பையிலிருந்து சிவப்புச் சாக்பீஸை எடுத்து, வரம்பில் ஒரு பெருக்கல் போட்டாள். துடைக்கச் சொல்லி அவர் என்னிடம் துணியைக் கொடுத்தார். துடைத்தேன்.

இரண்டாவது கடையில் மர ஷெட். வாசனை நன்றாக இருந்தது, அவ்வளவுதான். அடிப்பலகையில் நகத்தை வைத்தால் இறங்கியது. உள்சுவரில் ஆணி முனைகள் மடக்காமல் நீட்டிக்கொண்டிருந்தன. தடவிப் பார்த்துப் பழகுகிறவர் கையில் இந்த ஆணி ஏறினால் என்ன ஆகும் என்று கடைக்காரரைக் கேட்டாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பாவம், அவர் என்ன செய்வார். அங்கே ஏழு பெருக்கல்.

திரும்பும்போது எனக்குப் பொறுக்கவில்லை. புழங்கப் போகிறவரை விட்டுவிட்டு நாம் ஏன் கண்ணைக் கட்டிக்கொண்டு அலைகிறோம், அவரையே கூட்டி வந்தால் என்ன என்று கேட்டேன். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கூட்டிட்டு வந்தா, கடைக்காரன் முன்னாடி அவர் தடவித் தடவி நடக்கணும்டா. அதை நான் பார்க்கணுமா?"

ஆனால் மூன்றாவது இடத்துக்குப் போன அன்று, கண் டாக்டரிடம் போய்விட்டு நேராக அங்கே போக வேண்டியிருந்ததால் அத்தானும் வேனில் இருந்தார். பெரிய ரோட்டோரமாக ஒரு கோடவுன், அதன் முன்னால் திறந்த வெளியில் தகர ஷெட்டுகள் வரிசையாக நின்றன. கோடவுன்காரர் தடித்த மனிதர், அவசரமே இல்லாதவர். அத்தானை வேனில் உட்கார வைத்துவிட்டு அக்கா வேலையைத் தொடங்கினாள்.

புதுசாக வந்த ஒன்று அவளுக்குப் பிடித்தது. தகடு கனம். வாசலில் வரம்பு இல்லை. கூரைச் சரிவு சரி. விளிம்பெல்லாம் மடித்துத் திருப்பியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு மூன்று முறை போய் வந்தாள், எங்கும் இடிக்கவில்லை. கதவு பூனை நடக்கிற மாதிரி சத்தமே இல்லாமல் திறந்து மூடியது. அவள் முகத்தில் ஒரு திருப்தி வந்தது. வெள்ளைச் சாக்பீஸ் எந்தப் பாக்கெட்டில் என்று தேடுவதைப் பார்த்தேன்.

அப்போதுதான் பின்னாலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. கீ...ச். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கீ...ச். எனக்குப் பல் கூசியது. திரும்பிப் பார்த்தால் அத்தான். வேனை விட்டு இறங்கி, ஷெட்டுகளின் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து, கோடவுன்காரர் மாதிரிக்காக நிறுத்தி வைத்திருந்த பழைய ஷெட்டின் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். அதே அளவு, அதே தகடு. நாலு வருஷமாக மழையிலும் வெயிலிலும் அங்கேயே நின்றதாம். ஒரு பொட்டுத் துரு இல்லை, கதவுக் கீலைத் தவிர. இதை எடுத்துப் போட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைக்கிறேன் என்றார் கோடவுன்காரர்.

அத்தான் எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பி, "இது போதும்" என்றார்.

அக்கா பதறிவிட்டாள். "ஏங்க, அது கத்துதுங்க. இங்க வாங்க, இது எவ்வளவு நல்லா மூடுது பாருங்க."

"கத்தட்டும். கத்தினாத்தானே கதவு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்? பாதி திறந்து கிடந்தா அதோட விளிம்பு எனக்குத் தெரியாது. போன மாசம் சமையலறை அலமாரிக் கதவு வாயைத் திறக்கல. நெத்தியில வாங்கினேன்."

அலமாரிக் கதவு விஷயம் அக்காவுக்குப் புதுசு. அந்த வீக்கத்தைப் பற்றி அவள் அப்போது கேட்டதற்கு, குனியும்போது குழாயில் இடித்துக்கொண்டேன் என்று சொல்லியிருந்தார். சமையலறை அலமாரிக் கீலுக்கெல்லாம் மாசாமாசம் எண்ணெய் போட்டுச் சத்தமில்லாமல் வைத்திருந்தது அக்காதான். பழைய ஷெட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள், தட்டினாள், அடியில் பார்த்தாள், ஒரு வாளித் தண்ணீரைக் கூரைமேல் ஊற்றச் சொல்லி உள்ளே ஒழுகுகிறதா என்று பார்த்தாள். கடைசியில் முதுகுப் பக்கம் போய் வெள்ளையில் டிக் போட்டாள். கத்துகிற கதவுக்கு அவள் போட்ட முதல் டிக் அது.

ஷெட் வந்து இறங்கியது. சிமென்ட் தளம் போட்டு, ரசமட்டம் வைத்து நாலு மூலையும் சரிபார்த்து நிறுத்தினோம். கொக்கிகளின் இடத்தை அத்தானே சொன்னார்: மண்வெட்டி இடது கைப்பக்கம், வாளி காலடியில், கத்தரிக்கோல் தோள் உயரத்தில். களைக்கொல்லி வீட்டிலேயே வேண்டாம் என்று அக்கா தூக்கி எறிந்துவிட்டாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு முதல் கீச் கேட்டது. அதிலிருந்து அந்த வீட்டில் அதுதான் கடிகாரம். அக்கா சமையலறையில் நின்றபடியே, உள்ளே போனார், வெளியே வந்தார் என்று சொல்லிக்கொண்டிருப்பாள். எட்டிப் பார்ப்பதே இல்லை. அவருக்கும் அது பிடித்திருந்தது. முன்பெல்லாம் நிமிஷத்துக்கு ஒரு தரம் ஏங்க, ஏங்க என்று கூப்பிட்டு உயிரை எடுப்பாள் என்று என்னிடம் சொன்னார்.

இப்போது என் பங்கு. மகள் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தேன். மதியம் இரண்டு பேரும் படுத்துவிட்டார்கள். காற்று அடித்தது. ஷெட் கதவைச் சரியாகத் தாழ் போடவில்லை போலிருக்கிறது, கீ...ச், கீ...ச் என்று ஓயாமல் கத்தியது. பன்னிரண்டு தடவைவரை எண்ணினேன். கோடவுனில் அத்தான் சொன்னதெல்லாம் என் காதிலும் விழுந்ததுதான். ஆனால் கைக்குக் காது கிடையாதே. எழுந்து போய் ஒவ்வொரு கீலுக்கும் இரண்டு சொட்டு விட்டு, கதவை நாலு தடவை ஆட்டி, துணியால் துடைத்து, தாழும் போட்டுவிட்டு வந்து படுத்துத் தூங்கிவிட்டேன். சாயந்திரம் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒரு நல்ல காரியம் செய்தோம் என்ற நினைப்புகூட இல்லை. அவ்வளவு சாதாரணமாகச் செய்துவிட்டேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அக்காவின் ஃபோன்.

"கீலுக்கு எண்ணெய் போட்டியா?"

போட்டேன் என்றேன். அவள் ஃபோனை வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. கடையைப் பூட்டிவிட்டு ஓடினேன்.

அத்தான் நாற்றுத் தட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஷெட்டிலிருந்து வெளியே வந்திருக்கிறார். காற்றில் கதவு சத்தமில்லாமல் பாதி திரும்பி நின்றிருக்கிறது. விளிம்பு புருவத்தில் வெட்டிவிட்டது. சமையலறையில் அக்கா, இன்றைக்கு ஏன் இன்னும் ஷெட்டுக்கே போகவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாளாம். அவர் தரையில் உட்கார்ந்து ரத்தத்தைச் சட்டையால் பொத்திக்கொண்டு, அவளைக் கூப்பிடாமலே இருந்திருக்கிறார். நான் போனபோது மூன்று தையல் போட்டுக் கட்டுக் கட்டியிருந்தது. "விடுப்பா, மெஷின் மெக்கானிக் கை சும்மா இருக்குமா" என்று சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. வெட்கப்படாமல் சொல்கிறேன், அழுதேன்.

அக்கா தோட்டத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் உப்புத் தண்ணீர். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் கீலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்காமலே, கடலோர ஊர்களுக்குப் போன பீரோக்கள் உப்புக் காற்றில் எத்தனை நாளில் கத்த ஆரம்பித்தன என்பது தனக்குத் தெரியும் என்றாள். புகார்க் கடிதங்களை எல்லாம் படித்தவள் அவள்தானே. இருபத்தொன்பது வருஷம் துருவைத் துரத்தியவள், இப்போது பிரஷ் போட்டு அதைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மகள் வந்து இறங்கியபோது அப்பா நெற்றியில் கட்டு, அம்மா கையில் பிரஷ், நான் குற்றவாளி மாதிரி வேலி ஓரத்தில். அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. இதற்குத்தான் சொன்னேன் என்பது அவள் முகத்திலேயே எழுதியிருந்தது. எண்ணெய் போட்டது நான்தான், அவர்மேல் தப்பே இல்லை என்றேன். அவள் என்னை நம்பினாளா என்று தெரியவில்லை.

"மாமா, இன்னைக்கு நீங்க. நாளைக்கு வேற யாராவது. அப்பாவால முடியலைங்கிறதுதானே விஷயம்?"

அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா எழுந்து கையைத் துடைத்தாள். மகளின் தோளைப் பிடித்து ஷெட் வாசலில் நிறுத்தினாள்.

"கண்ணை மூடிக்கோ. உள்ளே போய்க் கத்தரிக்கோலை எடுத்துட்டு வா. அப்பா எப்படிப் போவாரோ அப்படி."

மகள் வேண்டா வெறுப்பாகக் கண்ணை மூடினாள். வலது கைப்பக்கம் தோள் உயரத்தில் என்று அத்தான் மெதுவாகச் சொன்னார். உள்ளே போனாள். எங்கும் இடிக்கவில்லை, எங்கும் இடறவில்லை. தோள் உயரத்தில் கையை நீட்டியதும் கத்தரிக்கோல் கையில் வந்தது. திரும்பும்போதுதான் நின்றுவிட்டாள். கண்ணை மூடியபடியே, "கதவு எங்க இருக்கு?" என்று கேட்டாள். கதவு அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் சும்மா நின்றது. அக்கா கையை நீட்டி அதைப் பிடித்துக்கொண்டாள்.

"அதைத்தான் உன் மாமா எண்ணெய் போட்டுக் கெடுத்துட்டான்" என்றாள்.

மகள் கண்ணைத் திறந்து கதவையும் அப்பாவின் கட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். கூட்டிப் போகிறேன் என்றும் சொல்லவில்லை, இருங்கள் என்றும் சொல்லவில்லை. அந்த நாலு நாளும் அத்தான் ஷெட்டுக்குள் போனால் அவள் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள். அக்கா காலையிலும் மாலையிலும் உப்புத் தண்ணீர் தேய்த்தாள். நானும் தினம் போய் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். பையை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள்.

ஐந்தாவது நாள் காலை, மகள் ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாள். அவளும் அக்காவும் சமையலறையில் இருந்தார்கள். அத்தான் யாரிடமும் சொல்லாமல் பின்பக்கம் போயிருக்கிறார். முதலில் லேசாக ஒரு முனகல். அப்புறம் முழுசாக, கீ...ச்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "உள்ளே போயிட்டார்" என்றாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேட்டது. இந்தத் தடவை "வெளியே வந்துட்டார்" என்று சொன்னது மகள்.

அவள் தனியாகத்தான் ஊருக்குப் போனாள். இப்போது தினமும் காலை ஏழு மணிக்கு ஃபோன் செய்கிறாள். அப்பா எப்படி இருக்கிறார், மருந்து விட்டாரா, கீழே விழுந்தாரா என்றெல்லாம் கேட்பதில்லை. அக்காவும் ஹலோ சொல்வதில்லை. சமையலறை ஜன்னலைத் திறந்து ஃபோனை வெளியே நீட்டிப் பிடித்துக்கொள்கிறாள். இரண்டு பேரும் காத்திருக்கிறார்கள். கதவு கத்தியதும் அந்தப் பக்கத்தில் மகள் ஃபோனை வைத்துவிடுகிறாள்.